பெட்டிகளில் பயணம் செய்த அரண்மனை



முட்டைக்கோஸ் நம் இல்லங்களில் எவருடைய கவனத்தையும் கவரும் பொருளன்று. அரிந்து, அலசி, சட்டியில் இட்டு இறக்குவதோடு அதன் கதை முடிந்துவிடும். ஆனால் தைவான் தீவின் தைப்பே நகரில் ஒரு கோஸைக் காண்பதற்கென்றே பல நாட்டு மக்கள் வரிசையில் நிற்கின்றனர். அது தோட்டத்தில் விளைந்ததன்று, கல்லில் விளைந்தது. பாதி வெண்மையும் பாதி பசுமையுமாக இயற்கை அளித்த 'ஜேட்' என்னும் விலையுயர்ந்த கல் ஒன்று, பெயர் அறியப்படாத ஒரு கைவினைஞனின் கையில் சிக்கியது. வெண்மையை அவன் தண்டாக்கினான், பசுமையை இலையாக்கினான். கல்லில் இருந்த வெடிப்புகளும் கறைகளும் இலையின் நரம்புகளிலும் மடிப்புகளிலும் மறைந்துபோயின. வேறொருவனாயின் குறையுள்ள கல் என்று ஒதுக்கியிருப்பான். இலையின் நுனியில் வெட்டுக்கிளி இனத்தைச் சேர்ந்த இரு பூச்சிகளையும் அமர்த்திவிட்டுத்தான் அவன் உளியைக் கீழே வைத்திருக்கிறான். மொத்த உயரம் 18.7 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு சாண்.

சிங் வம்சத்துப் பேரரசர் குவாங்சுவின் துணைவியருள் ஒருவர் ஜின். பெய்ஜிங் அரண்மனையில் அவர் வாழ்ந்த மாளிகையில்தான் இந்தக் கோஸ் இருந்தது. ஆதலால் இது அவருடைய மணச் சீராக வந்திருக்கலாம் என்பர். வெண்மை மணமகளின் தூய்மைக்கும், பூச்சிகள் மக்கட்பேற்றுக்கும் அடையாளமாம்.

பெய்ஜிங் அரண்மனையின் அந்தப்புரத்தில் இருந்த பொருள், கடலுக்கு அப்பால் ஒரு தீவில் இருப்பது எங்ஙனம்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், கோஸை மறந்து வேறொரு பெருங்கதைக்குள் நுழைந்துவிடுகிறோம்.

அதனைக் காத்துவரும் இடம் தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகம். ஏறத்தாழ 7 இலட்சம் பொருட்கள் அங்கே உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பகுதி பொன்னும் மணியும் அல்ல. அரிய நூல்களும் அரசு ஆவணங்களுமே. எஞ்சியவை ஓவியங்கள், கையெழுத்துச் சுருள்கள், பீங்கான்கள், வெண்கலக் கலங்கள், ஜேட் வேலைப்பாடுகள். பேரரசர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரட்டி, தாமும் தம் அரண்மனையினரும் மட்டுமே கண்டு மகிழ்ந்தவை அவை.

1912ஆம் ஆண்டு பூயி என்ற ஆறு வயதுச் சிறுவன் முடி துறந்தான். அவனே கடைசிப் பேரரசன். குடியரசு மலர்ந்தும், அரண்மனையின் உட்பகுதியில் வாழ அவனுக்கு அனுமதி இருந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் கருவூலம் கசியத் தொடங்கியது. 1923இல் அரண்மனையின் ஒரு பகுதி தீக்கிரையாயிற்று; களவை மறைக்க அரண்மனைப் பணியாளர்களே வைத்த தீ என்ற ஐயம் எழுந்தது. பூயியும் சளைத்தவனல்லன். தம்பிக்கு அன்பளிப்பு என்ற பெயரில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியச் சுருள்களையும் நூல்களையும் சிறிது சிறிதாக வெளியே கடத்தினான்.

1924 நவம்பர் 5ஆம் நாள் பூயி அரண்மனையிலிருந்து வெளியேற்றப்பட்டான். உடனே ஒரு குழு அமைந்து, அறை அறையாகத் திறந்து பொருட்களை எண்ணத் தொடங்கிற்று. அந்தப் பதிவேட்டில் முதல் எண் பெற்ற பொருள் எது தெரியுமா? அரியணையன்று, மணிமுடியன்று. இரண்டு படிகள் கொண்ட ஒரு மரப்பலகை. ஏறுவதற்குக் கால் வைக்கும் முக்காலி போன்றது. வாசலுக்குள் நுழைந்ததும் எது கண்ணில் பட்டதோ அதிலிருந்து தொடங்கி, எதையும் விடாமல் எழுதிச் சென்றிருக்கின்றனர். வக்பு சொத்துகளுக்கு முத்தவல்லியாக இருந்து பழகியவர்கள் இதன் அருமையை உடனே உணர்வர். கணக்கு முடிந்தபோது 11 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதிவாகியிருந்தன. எண்ணும் பணி நடந்துகொண்டிருக்கும்போதே, 1925 அக்டோபர் 10ஆம் நாள் அரண்மனை அருங்காட்சியகம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதுகாறும் குடிமகன் எவனும் கால் வைக்க இயலாத முற்றங்களில் சாமானியர்கள் திரண்டனர்.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவைக் கைப்பற்றியது. 1933 ஜனவரியில் பெருஞ்சுவரின் கிழக்கு வாயிலான ஷான்ஹாய்குவானும் வீழ்ந்தது. பெய்ஜிங்குக்கு இனி எத்தனை நாள் என்ற அச்சம் பிறக்கவே, பொருட்களைத் தெற்கே கொண்டுசெல்வதென்று முடிவாயிற்று. மக்கள் கொதித்தனர். குடிமக்களைப் பகைவனிடம் விட்டுவிட்டுக் கலைப்பொருட்களைக் காப்பாற்றுவதா என்று கேட்டனர். புகழ்பெற்ற எழுத்தாளர் லூ சுன் எள்ளி நகையாடினார். நியாயமான கேள்விதான், எளிதில் புறந்தள்ளக் கூடியதன்று. எதிர்ப்புக்கு அஞ்சி, 1933 பிப்ரவரியில் இரவு வேளையில் கைவண்டிகளில் பெட்டிகள் இரயில் நிலையத்துக்குப் போயின.

எந்தக் கல்லூரியிலும் கற்பிக்கப்படாத ஒரு கலையை அந்த ஊழியர்கள் அப்போது கற்க நேர்ந்தது. அதுதான் பொதி கட்டும் கலை. முட்டை ஓட்டினும் மெல்லிய பீங்கானை ஆயிரம் கல் தொலைவு எப்படி அனுப்புவது? பழம்பொருள் வணிகர்களை அழைத்துக் கேட்டனர். தென்னாட்டுச் சூளைகளிலிருந்து கடைகளுக்கு வந்த புதுப் பீங்கான் பெட்டிகளைப் பிரித்து, அவற்றை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று கூர்ந்து பார்த்தனர். பஞ்சு, காகிதம், வைக்கோற் கயிறு, உமி இவையே அவர்களுடைய ஆயுதங்கள். ஒரு பொருள் மற்றொன்றைத் தொடக் கூடாது. எதுவும் அசையவும் கூடாது. மணமகளின் சீர்வரிசைப் பாத்திரங்களைக் கட்டியனுப்பிய தாய்மார்களுக்கு இந்த விதி புதிதன்று. பின்னாளில் வண்டிகள் கவிழ்ந்தபோதும் உள்ளிருந்தவை பிழைத்தமைக்கு இந்தக் கட்டே காரணம்.

அரண்மனை அருங்காட்சியகத்தின் பெட்டிகள் மட்டும் 13,400க்கு மேல். பிற நிறுவனங்களுடையவற்றையும் சேர்த்தால் 19,000ஐத் தாண்டும். முதலில் ஷாங்காய், பின்னர் 1936இல் நான்ஜிங். அங்கே புதிய காப்பகத்தில் இறக்கி வைத்து ஓராண்டு கூட ஆகவில்லை. 1937இல் முழுப்போர் மூண்டது. மீண்டும் பயணம். இம்முறை மூன்று வழிகள்.

80 பெட்டிகள் கொண்ட சிறு தொகுதி தென்வழியில் சென்றது. எண்ணிக்கையில் சிறிதாயினும், 1935-36இல் இலண்டன் மாநகரில் நடந்த சீனக் கலைப் பெருங்காட்சிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்தரப் பொருட்கள் அவை. சாங்ஷா நகரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அவை தங்கவைக்கப்பட்டன. பின்னர் அங்கிருந்து அகற்றப்பட்டன. அகற்றிய சில மாதங்களில், 1938இல், அந்த நூலகம் விமானக் குண்டுகளுக்கு இரையாயிற்று. பெட்டிகள் மலைநாட்டுப் பகுதியான குய்சோவுக்குப் போய், அன்ஷுன் அருகே ஒரு குகையில் ஆண்டுக்கணக்கில் இருந்தன. அவற்றின் பொறுப்பாளர் சுவாங் யான். மனைவி மக்களோடு அவர் பெட்டிகளின் பின்னாலேயே ஊர் ஊராக அலைந்தார். அவருடைய மைந்தர்களுள் ஒருவர் பிறந்ததே இந்தப் பயண வழியில்தான்.

நடுவழியில் 9,331 பெட்டிகள் யாங்ட்சி ஆற்றின் மேலாக நீராவிக் கப்பல்களிலும் படகுகளிலும் சென்று, லெஷான் அருகே ஒரு கிராமத்தை அடைந்தன. அவ்வூர்க் குடும்பங்கள் தம் முன்னோரின் நினைவு மண்டபங்களை அவற்றுக்காக ஒழித்துக் கொடுத்தன. சோங்சிங் துறையில் பெட்டிகளை ஏற்றும் பணியின்போது, இருளில் கப்பலின் அடித்தளத்துக்குள் விழுந்து ஓர் இளம் ஊழியர் உயிர் துறந்தார். வடவழியில் சென்ற 7,287 பெட்டிகள் இரயிலிலும், பின்னர் பனி மூடிய மலைப்பாதைகளில் லாரிகளிலும் ஏறி இறங்கி எமெய் மலையடிவாரத்தைச் சேர்ந்தன. பழங்கால எழுத்துகள் பொறித்த பத்துக் கல் முரசுகளும் இந்த வழியில் சென்றவையே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு டன் எடை. எஞ்சிய மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பெட்டிகளை எடுக்க நேரமின்றி நான்ஜிங்கிலேயே விட நேர்ந்தது.

எட்டாண்டுக் காலம் குண்டு மழை, வெள்ளம், கரையான், திருடர் அச்சம் இத்தனைக்கும் நடுவே அந்தக் காவலர்கள் செய்த பணியில் ஆரவாரம் ஏதுமில்லை. வெயில் நாட்களில் பெட்டிகளைத் திறந்து ஓவியங்களைக் காற்றாட வைப்பர், பட்டியலோடு ஒப்பிடுவர், மீண்டும் பூட்டி முத்திரையிடுவர். அவற்றுள் ஒன்றேனும் அவர்களுடையதன்று. ஊதியமோ போர்க்கால விலைவாசியில் கரைந்துகொண்டிருந்தது. அமானிதம் என்று நாம் சொல்லும் சொல் அவர்களுடைய மொழியில் இருந்ததோ இல்லையோ, அந்தப் பண்பு இருந்தது.

1945இல் போர் முடிந்தது. 1947இல் பெட்டிகள் நான்ஜிங்கில் ஒன்றுகூடின. ஆனால் பெய்ஜிங்கின் வாசலை அவை காண்பதற்குள் உள்நாட்டுப் போர் முற்றிவிட்டது. கம்யூனிஸ்டுகள் முன்னேறிக்கொண்டிருந்தனர், சியாங் கை-ஷேக்கின் அரசு தைவானுக்குப் புறப்பட ஆயத்தமாயிற்று. 1948 டிசம்பர் தொடங்கி 1949 பிப்ரவரிக்குள் மூன்று கப்பல்கள் சென்றன. அரண்மனைப் பெட்டிகளுள் அவற்றில் ஏறியவை 2,972. பெய்ஜிங்கிலிருந்து வெளியேறியவற்றில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். எனினும் தேர்ந்தெடுத்த பங்கு.

மூன்றாவது கப்பலின் நிகழ்ச்சியைப் படித்தபோது சிறிது நேரம் நூலை மூடி வைத்துவிட்டேன். 'குன்லுன்' என்ற அந்தக் கடற்படைக் கப்பலில் பெட்டிகளை ஏற்ற வந்தபோது, கடற்படையினரின் குடும்பங்கள் முன்னதாகவே ஏறி அமர்ந்திருந்தன. பெண்கள், குழந்தைகள், முதியோர், மூட்டை முடிச்சுகள். இறங்கச் சொல்ல வந்த கடற்படைத் தலைவர் அவர்களுடைய அழுகையைக் கண்டு மனம் இளகி, இறக்கிவிட மறுத்து, அதிகாரிகளின் அறைகளையும் திறந்துவிடப் பணித்தாராம். கிடைத்த மூலைகளிலெல்லாம் பெட்டிகள் திணிக்கப்பட்டன. ஒரு பகுதி துறைமுகத்திலேயே விடப்பட்டது. 1933இல் பெய்ஜிங் மக்கள் எழுப்பிய கேள்விக்கு, அந்த ஓரிடத்திலாவது மனிதர்களின் பக்கம் விடை கிடைத்தது. விடப்பட்ட பெட்டிகளும் அழிந்துவிடவில்லை; அவை சீன நாட்டிலேயே தங்கின.

ஊழியர்களும் பிரிந்தனர். இயக்குநர் மா ஹெங் தைவான் செல்ல மறுத்துப் பெய்ஜிங்கிலேயே இருந்துவிட்டார். சுவாங் யான் முதற்கப்பலில் பெட்டிகளுடன் சென்றார். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணிப் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் விட்டுச் சென்றோர் பலர். கடலின் இரு கரைகளுக்கும் இடையே கடிதப் போக்குவரத்துக்கும் வழியின்றி நாற்பதாண்டுகள் உருண்டன. சுவாங் யான் 1980இல் காலமானார். தாம் கொண்டுவந்த பெட்டிகளைப் பெய்ஜிங்குக்குத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க இயலவில்லையே என்பது அவருடைய கடைசி நாள்வரை இருந்த மனக்குறை.

தைவானில் முதலில் ஒரு சர்க்கரை ஆலையின் கிடங்குதான் பேரரசர்களின் கருவூலமாயிற்று. 1950இல் பெய்கோ என்ற மலையடிவாரச் சிற்றூருக்கு மாறியது. அங்கேதான் 1958இல் ஓர் அரிய செய்தி வெளிப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஃபான் குவான் வரைந்த மலைக்காட்சி ஓவியம் ஒன்று, இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது, அந்தத் தொகுப்பில் உண்டு. வானளாவிய மலை, அதன் காலடியில் எறும்பு போல் ஊர்ந்து செல்லும் சரக்குக் கழுதைகள். ஓவியர் தம் பெயரை எழுதினாரா என்பதே ஐயமாக இருந்தது. லி லின்சான் என்ற அறிஞர் கட்டங்கட்டமாகத் துருவிப் பார்த்து, கழுதைகளுக்குப் பின்னே உள்ள மர இலைகளின் நடுவே மறைந்திருந்த கையெழுத்தைக் கண்டுபிடித்தார். பேரரசர்களும் அமைச்சர்களும் நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தும் கண்ணில் படாத பெயர், ஒரு கிராமத்துக் காப்பகத்தில் வெளிப்பட்டது.

தைப்பேயில் இன்றுள்ள கட்டடம் 1965இல் திறக்கப்பட்டது. அதன் பின்னுள்ள மலையைக் குடைந்தே காப்பறைகள் அமைத்திருக்கின்றனர். ஒளி பட்டால் மங்கும் முதன்மையான ஓவியங்களை ஏறத்தாழ ஆறு வாரமே மாட்டி வைப்பர். பின்னர் ஆண்டுக்கணக்கில் அவற்றுக்கு ஓய்வு. ஆதலால் நெடுந்தொலைவு கடந்து செல்பவரும் தாம் காண விரும்பியதைக் காணாமல் திரும்புவதுண்டு.

இனி, நம் வாசகர்கள் தனித்து அறிய வேண்டிய சில பொருட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

சியான்லோங் பேரரசரின் ஆணையால் 18ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'நான்கு களஞ்சியங்களின் முழு நூலகம்' அங்கே உள்ளது. 36,000க்கும் மேற்பட்ட ஏடுகள், முழுதும் கையெழுத்துப்படி. இதைப் போல் ஏழு படிகள் எழுதப்பட்டன. போர்களிலும் கலகங்களிலும் பல அழிந்தன. தைப்பேயில் இருப்பது முதலில் எழுதி முடிக்கப்பட்ட படி. முஸ்லிம் வானியலாரின் கணக்குமுறையைச் சீன மொழியில் தந்த ஒரு நூல் இந்தக் களஞ்சியத்தில் இடம்பெற்றுள்ளது. சீன முஸ்லிம் அறிஞர் லியூ ஜி இஸ்லாமிய ஒழுகலாறுகளைப் பற்றி எழுதிய நூலுக்கோ பட்டியலில் ஒரு குறிப்பு மட்டுமே கிட்டியது, நூல் சேர்க்கப்படவில்லை. மற்றொன்றையும் மறைக்கலாகாது. இந்தத் தொகுப்பு வேலை நடந்த அதே ஆண்டுகளில், தம் வம்சத்துக்கு ஒவ்வாதவை என்று கருதிய ஆயிரக்கணக்கான நூல்களை அதே பேரரசர் தேடி அழிக்கச் செய்தார்.

மிங் வம்சத்துப் பேரரசர் செங்தே (1506-1521) காலத்து நீல வெண் பீங்கான்கள் சிலவற்றில் அரபி, பாரசீக எழுத்துகள் தீட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அந்த எழுத்தின் வளைவுகளைப் பார்த்தால், மொழியறியாத ஒரு தூரிகை பயபக்தியோடு படியெடுத்தது போல் சில இடங்களில் தோன்றும். சீனப் பீங்கானுக்குப் புகழ் தேடித்தந்த நீல வண்ணத்துக்கான கோபால்ட் தாதுவும் தொடக்கத்தில் ஈரான் பகுதியிலிருந்து வந்ததே.

எல்லாவற்றினும் என்னைக் கவர்ந்தவை 'இந்துஸ்தான் ஜேட்' எனப்படும் கலங்கள். முகலாயர் காலத்து இந்தியக் கைவினைஞர்களும், துருக்கி, மத்திய ஆசியக் கைவினைஞர்களும் கடைந்த கிண்ணங்கள், தட்டுகள், கைப்பிடிகள் அவை. பூவின் இதழ் போல் மெல்லியவை. மறுபக்கம் வைத்த விரலின் நிழல் தெரியும். சிலவற்றில் பொற்கம்பியும் மாணிக்கமும் பதித்திருப்பர். 1759இல் சியான்லோங்கின் படைகள் கிழக்குத் துருக்கிஸ்தானின் முஸ்லிம் நகரங்களை வென்றபின், யார்கந்து, காஷ்கர் வழியே இவை திறைப்பொருளாகப் பெய்ஜிங் வந்தன. பேரரசர் மயங்கிப்போனார். இவை எந்த நாட்டின் பொருட்கள் என்று ஆராய்ந்து, இந்துஸ்தான் என்ற பெயரைப் பற்றி 1768இல் ஒரு கட்டுரையே எழுதினார். தம் நாட்டுச் சிற்பிகளுக்கு இந்த நேர்த்தி வரவில்லை என்று வாய்விட்டுப் பாராட்டி, தம் கவிதைகளை அந்தக் கலங்களின் மீதே பொறிக்கச் செய்தார். பாராட்டு உண்மையானது, அது வந்த வழி படையெடுப்பு என்பதும் உண்மை.

அந்தக் கல் நடந்த தூரத்தை எண்ணிப் பாருங்கள். ஹோத்தான் ஆற்றில் கிடைத்து, மலைத்தொடர்களைக் கடந்து இந்துஸ்தானத்துக்கு வந்து, கிண்ணமாகி, மீண்டும் அதே மலைகளைக் கடந்து பெய்ஜிங் சென்று, பின்னர் பஞ்சும் உமியும் சூழப் பெட்டியில் அடங்கி, ஆறும் கடலும் தாண்டித் தைவான் சேர்ந்திருக்கிறது. அருங்காட்சியகத்தின் தென்கிளை தைவானின் சியாயி பகுதியில் 2015 டிசம்பரில் திறக்கப்பட்டபோது, அதன் தொடக்கக் காட்சிகளுள் ஒன்றாக இந்த இஸ்லாமிய ஜேட் கலங்களையே வைத்தனர்.

இத்தனை பொருட்களும் யாருக்கு உரியவை? பெய்ஜிங் தன்னுடையவை என்கிறது. தாம் சுமந்து வந்து காத்தவை என்கின்றனர் தைவானியர். 1960களில் பண்பாட்டுப் புரட்சியின்போது அங்கே இருந்திருந்தால் அழிந்திருக்கும் என்று சிலர் வாதிடுவதுண்டு. அது முழு உண்மையன்று. பெய்ஜிங் அரண்மனையின் வாயில்களை அப்போது பிரதமர் சூ என்லாய் மூடச்செய்தார். அங்கிருந்த பெருந்தொகுப்பு பிழைத்தது. தைப்பேயின் காவலும் குறையற்றதன்று. மிங், சிங் காலத்துப் பீங்கான்கள் மூன்று உடைந்துபோனதை 2022 அக்டோபரில் அருங்காட்சியகம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆயினும் மக்கள் இப்பொருட்களைத் தமதாகவே கருதுகின்றனர். 1996இல் நலிந்த ஓவியங்களை அமெரிக்காவுக்கு அனுப்ப முற்பட்டபோது, தைப்பே மக்கள் வீதியில் இறங்கித் தடுத்து, சிலவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கச் செய்தனர். வெளிநாட்டுக்கு இரவல் கொடுப்பதாயின், பிறர் உரிமை கோரினும் பொருள் திரும்பி வரும் என்று அந்நாட்டுச் சட்டமே உறுதி தர வேண்டும் என்பது தைவானின் நிபந்தனை. சீனப் பெருநிலத்துக்கோ அவை இரவலாகப் போவதில்லை.

இந்தப் பிரிவின் முழு உருவமாக ஓர் ஓவியச் சுருள் உள்ளது. ஹுவாங் கோங்வாங் என்ற ஓவியர் ஏறத்தாழ எண்பது வயதில், ஃபூசுன் மலைகளையும் ஆற்றையும் ஆண்டுக்கணக்கில் வரைந்து 1350 அளவில் நிறைவு செய்தார். மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1650இல், அதன் உரிமையாளர் ஒருவர் மரணப் படுக்கையில் அதைத் தம் கண்முன் எரிக்கச் சொன்னார். தாம் போகுமிடத்துக்கு அதுவும் வர வேண்டுமாம். தீயிலிட்டதை உறவினர் ஒருவர் பாய்ந்து இழுத்தார். சுருள் பிழைத்தது, இரண்டு துண்டாக. பெரியது சியான்லோங்கின் கைக்கு வந்தது. அதற்கு முன்பே ஒரு போலியை மெய் என்று நம்பி, அதன்மேல் ஐம்பது தடவைக்கும் மேல் தம் குறிப்புகளை எழுதி நிரப்பியிருந்தார் அவர். ஆகவே மெய்யானதைப் போலி என்று சொல்லி மூலையில் வைத்தார். பேரரசரின் பேனாவிலிருந்து அது தப்பியதும் அதனால்தான்.

ஆறு மீட்டருக்கும் அதிக நீளமுள்ள அந்தப் பகுதி தைப்பேயில் இருக்கிறது. அரை மீட்டர் அளவான சிறு துண்டு சீனத்தின் ஹாங்சோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2011 ஜூன் மாதம் சிறு துண்டு கடல் கடந்து தைப்பே வந்தது. ஒரே கண்ணாடிப் பேழையில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தனர். 360 ஆண்டுகளுக்குப் பின் கருகிய விளிம்பு கருகிய விளிம்பைச் சந்தித்தது. சில வாரங்கள் மக்கள் திரள் திரளாக வந்து பார்த்தனர். காட்சி முடிந்ததும் சிறு துண்டைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து ஹாங்சோவுக்கு அனுப்பிவிட்டு, பெரிய துண்டை மலைக்குள் இருக்கும் காப்பறைக்குக் கொண்டு சென்றனர்.